எடுப்பதெல்லாம் 'டேக்' அல்ல

போடிநாயக்கனூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் போடவில்லை. கணிதத்தில் பட்டம் பெற்றவர். தாயார் ஏலத்தோட்டத்துக் கூலி. விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டைத் தாண்டி, இடுக்கி ஜில்லாத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்புகிறவர். மகளோ மூன்று வருஷமாகத் தெருப் பிள்ளைகள் இருபது பேரைத் திண்ணையில் உட்கார வைத்துக் கணக்குப் பாடம் எடுத்து வருகிறார்.

அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் திரை வழியே கணக்குச் சொல்லித் தர ஆசிரியர்கள் தேவை என்று ஒரு விளம்பரம். சகோதரி மனுப் போட்டார். பேட்டிக்கும் அழைத்துவிட்டார்கள். திரையில் தோன்றிய அமெரிக்க அம்மாள் முதலில் அனுபவத்தைப் பற்றிக் கேட்டார். நம் சகோதரி தயங்கவே இல்லை.

"ஐ டுக் மேத்ஸ் கிளாஸஸ் ஃபார் த்ரீ இயர்ஸ்."

"நல்லது. என்ன மார்க் கிடைத்தது?" என்று கேட்டாராம் அந்த அம்மாள்.

இதென்ன கேள்வி என்று சகோதரி விழித்தார். பரீட்சை எழுதியது பிள்ளைகள் அல்லவா? ஒருவேளை காலேஜ் மார்க்கைக் கேட்கிறார்களோ என்று அதைச் சொல்லி வைத்தார். பேச்சு வளர்ந்து குடும்பத்தைப் பற்றி வந்தது. தாயாரின் தொழிலை மறைக்கிற பெண் அல்ல இவர். பெருமையோடுதான் சொல்லியிருக்கிறார்: "மை மதர் டேக்ஸ் கார்டமம்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டு, "ஓ! ஜீரணத்துக்கா?" என்றாராம்.

நான்கு நாள் கழித்து இ-மெயில் வந்தது. கற்பித்த அனுபவம் உள்ளவர்களையே தேடுகிறோம், வணக்கம் என்று. "இலக்கணப் பிழை ஒன்றும் இல்லையே, நான் செய்த தப்பு என்ன?" என்று கேட்கிறார் சகோதரி.

இலக்கணம் குற்றமே இல்லை, சகோதரி. 'எடு' என்று மனத்தில் தோன்றியதும் 'டேக்' என்று வாய் சொல்லிவிட்டது, அவ்வளவுதான். அமெரிக்காவில் 'டேக் எ கிளாஸ்' என்றால் மாணவராக உட்கார்ந்து படிப்பது. நீங்கள் மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்தீர்கள். அந்த அம்மாளின் காதிலோ மூன்று வருஷம் படித்தீர்கள் என்று விழுந்திருக்கிறது. அப்புறம் மார்க்கைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்? இங்கிலாந்துப் பள்ளிகளில் இன்ன ஆசிரியர் எங்களைக் கணக்குக்கு 'டேக்' செய்கிறார் என்று பிள்ளைகள் சொல்லுகிற வழக்கம் இன்றும் உண்டு. நம் ஊர் வாத்தியார்கள் 'டேக்' செய்வதும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். அமெரிக்கக் காதுக்கு அது எட்டவில்லை.

தாயாரைப் பற்றிச் சொன்னதைப் பார்ப்போம். சாப்பிடுகிற பொருளோடு 'டேக்' சேர்ந்தால் உட்கொள்வது என்று பொருள். டாக்டர் சீட்டில் 'டேக் ஆஃப்டர் ஃபுட்' என்று எழுதுவது அந்தக் கணக்குத்தான். மருந்தை 'ஈட்' என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். ஆகவே உங்கள் தாயார் தினமும் ஏலக்காய் மென்று ஜீரணத்தைச் சரி செய்துகொள்கிறவர் என்று அந்த அம்மாள் எண்ணியதில் வியப்பில்லை. அதோடு போயிற்றே என்று நான் சந்தோஷப்படுகிறேன். ஏனென்றால் பிறர் பொருளோடு 'டேக்' சேர்ந்தால், கேட்காமல் எடுத்துக்கொண்டு போவது என்றும் ஆகிவிடும்!

இதில் எனக்கும் அனுபவம் உண்டு. காலேஜில் முதல் வருஷம் தீபாவளியைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஜவுளி எடுத்த வைபவத்தை 'டுக்' போட்டு விஸ்தாரமாக எழுதினேன். "கடைக்காரருக்குத் தெரியுமா?" என்று ஓரத்தில் சிவப்பு மசியில் எழுதித் திருப்பிக் கொடுத்தார் புரொபஸர்.

உங்கள் ஊருக்கு ஒருமுறை வந்திருக்கிறேன். பஸ் நிலையத்தில் இறங்குமுன்பே மூக்குக்கு ஊர் பெயர் தெரிந்துவிட்டது. 'எடு' என்ற சொல்லுக்கு அவ்வளவு வேலை கொடுக்கிற ஊரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. மலையில் காய் எடுக்கிறார்கள். கீழே வியாபாரிகள் ஏலம் எடுக்கிறார்கள். சரக்கு எடுக்கிறார்கள். சாம்பிள் எடுக்கிறார்கள். விடியற்காலையில் டிரைவர், "வண்டி எடுக்கப் போறேன், ஏறுங்க" என்று குரல் கொடுக்கிறார். மேலே போனால் குளிர் எடுக்கிறது. இறங்கி வந்தால் பசி எடுக்கிறது. இத்தனைக்கும் இங்கிலீஷில் ஒரே 'டேக்' போதுமா என்றால், போதாது. காய் எடுப்பது 'பிக்'. ஏலம் எடுப்பதில் விலை கேட்கிற வரைக்கும் 'பிட்', வாங்கிவிட்டால் 'பை'. வண்டி எடுப்பது 'ஸ்டார்ட்'. 'டேக் த ஜீப்' என்றால் ஜீப்பில் ஏறிப் போ என்றாகும், அல்லது ஜீப்பையே கொண்டு போய்விடு என்றாகும். பசிக்கும் குளிருக்கும் 'ஃபீல்' இருக்கிறது, வெறும் 'ஐயாம் ஹங்க்ரி' என்றாலும் தீர்ந்தது. இந்தக் கூட்டத்தில் சாம்பிள் எடுப்பது ஒன்றுதான் தைரியமாக 'டேக்' போடக்கூடியது.

நடுவே ஒரு வேடிக்கை. போடியில் ஏலத்தை ஏலம் விடுகிறார்கள்! வாசனைத் திரவியமான ஏலம் நம்முடைய பழைய சொல். விலை கூறுகிற ஏலம் போர்த்துகீசியரின் 'லெய்லாவ்' என்ற சொல் நம் நாக்கில் தேய்ந்து வந்தது. இரண்டும் ஒரே உருவத்தில் ஒரே கூடத்தில் சந்தித்துக்கொள்கின்றன. முன்பு கூவி நடந்த அந்த விற்பனை 2007-ஆம் வருஷம் முதல் கம்ப்யூட்டரில் நடக்கிறது. தட்டில் கொட்டிய காயை உருட்டிப் பார்த்துவிட்டு வியாபாரி ஒரு பொத்தானைத் தட்டினால் விலை ஏறுகிறது.

நாம்தான் கடன் வாங்குகிறோம் என்று நினைத்துவிட வேண்டாம். 'டேக்' என்பதே இங்கிலீஷ்காரருக்குச் சொந்தமல்ல. வடகடலிலிருந்து கப்பலேறி வந்த வைக்கிங்குகளின் 'டாக்கா' அது. அதற்கு முன்னால் அவர்களுக்கு 'நிமன்' என்ற சொந்தச் சொல் இருந்தது. அதன் உறவான 'நேமன்' ஜெர்மன் மொழியில் இன்றும் சௌக்கியமாக இருக்கிறது. இங்கிலீஷில் வந்த விருந்தாளி வீட்டுக்காரனை வெளியே அனுப்பிவிட்டான். ஒரு மூலையில் அடையாளம் மிச்சம்: கை மரத்துப் போனால் 'நம்' என்கிறார்களே, உணர்ச்சி எடுக்கப்பட்ட கை என்பதுதான் அதன் ஆதிப்பொருள்.

இனி விஷயத்துக்கு வருவோம். தமிழ் 'எடு'வில் திசை கிடையாது. கை நீள்கிறது, பொருள் கைக்கு வருகிறது, அவ்வளவே. எங்கே போகிறது என்று சொல்ல 'போ' அல்லது 'வா' சேர்க்கிறோம். உங்கள் தாயார் ஜீப்படியில் நின்று, "தூக்குச்சட்டியை எடுத்துட்டு வாத்தா" என்று கூப்பிட்டால் இங்கிலீஷில் அது 'பிரிங்'. வீட்டிலிருக்கும் பாட்டி, "தூக்குச்சட்டியை எடுத்துட்டுப் போ" என்றால் அதுதான் 'டேக்'. 'டேக்' என்ற சொல்லுக்குள்ளேயே 'கொண்டு போ' ஒளிந்திருக்கிறது. மழை வரும்போல இருக்கிறது, 'டேக் ஆன் அம்ப்ரெல்லா' என்றால் குடையைக் கையில் தூக்கிக் காட்டு என்பதல்ல, கொண்டு போ என்பது.

எதிர்ப்பக்கமும் உண்டு. நாம் 'எடு' என்று கனவிலும் சொல்லாத இடத்தில் அவர்களுக்கு 'டேக்' வரும். நாம் பரீட்சை எழுதுகிறோம். அவர்கள் 'டேக்' செய்கிறார்கள். நாம் ரயிலில் போகிறோம். அவர்கள் ரயிலை 'டேக்' செய்கிறார்கள். (1928-இல் வந்த போடி ரயில், அகலப்பாதை வேலைக்காக 2010-ஆம் வருஷத்தோடு நின்று, 2023 ஜூனில்தான் மறுபடி ஊருக்குள் வந்தது. அந்தப் பன்னிரண்டு வருஷமும் போடிக்காரர்கள் தங்கள் ஊரில் எதையும் 'டேக்' செய்ய முடியவில்லை!) போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏற எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நாம் கேட்டால், எவ்வளவு நேரம் 'டேக்' செய்யும் என்பார்கள் அவர்கள். நமக்கு நேரம் பிடிக்கும், அல்லது ஆகும். இப்போது பட்டணத்தில் பலர் "நேரம் எடுக்கும்" என்கிறார்கள். முடிவு செய்வது போய் முடிவு எடுப்பது வந்துவிட்டது. நடவடிக்கையையும் எடுக்கிறோம். இங்கிலீஷ் 'டேக்' நம் 'எடு'வின் முதுகில் ஏறிக்கொண்டு வந்திருக்கிறது. எனக்கு இதில் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் 'பிடிக்கும்' இருக்கும்போது 'எடுக்கும்' எதற்கு என்றுதான் தோன்றுகிறது.

சரி, அடுத்த பேட்டியில் என்ன சொல்வது? 'ஐ ஹாவ் பீன் டீச்சிங் மேத்ஸ் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று சொல்லுங்கள். இன்னும் சொல்லிக் கொடுத்து வருகிறீர்கள் என்பதும் அதிலேயே அடங்கிவிடும். இருபது பிள்ளைகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; எண்ணிக்கை சொன்னால் சந்தேகம் வராது. பழைய இடத்துக்கே இன்னொரு கடிதம் எழுதி, நான் சொன்னது இது என்று விளக்கினாலும் தவறில்லை. வெட்கப்படாதீர்கள்.

தாயாருக்கு 'பிக்ஸ்' என்று போடுங்கள். ஏலக்காயைப் பொறுத்தவரை அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. செடி ஆளை மறைக்கிற உயரம் வளர்ந்தாலும் காய் மேலே காய்ப்பதில்லை. தூரில் கிளம்பி மண்ணை ஒட்டிப் படர்கிற சரத்தில் காய்க்கிறது. குனிந்தோ குந்தியோதான் எடுக்க வேண்டும். ஒரே சரத்தில் பழுக்கப் போகிற காயும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், பூவும் இருக்கும். பிஞ்சைப் பறித்தால் உலரும்போது சுருங்கிப் போகும். கனிய விட்டால் வெடித்துவிடும். பதமானதை மட்டும் பார்த்துப் பறித்து, மற்றதை அடுத்த சுற்றுக்கு விட்டு வைக்க வேண்டும். அட்டை கடிக்கும், மழை பெய்யும். பச்சையாக ஏறக்குறைய ஐந்து கிலோ பறித்தால் உலர்ந்து ஒரு கிலோ தேறும். 'பிக்' என்ற சொல்லில் பறிப்பதும் இருக்கிறது, பல காயில் இது என்று தேர்ந்தெடுப்பதும் இருக்கிறது. பேட்டியில் நேரம் இருந்தால் இதைக்கூட இரண்டு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். கணக்கு டீச்சருக்கு நல்ல உதாரணம்.

இப்படியெல்லாம் பதில் எழுதித் தபாலில் அனுப்பியிருந்தேன். சகோதரியிடமிருந்து மறுகடிதம் வந்திருக்கிறது. வேறு ஓர் இடத்துக்கு மனுப் போட்டிருக்கிறாராம், முடிவு தெரியவில்லை. என் கடிதத்தைத் தாயாருக்கு உரக்கப் படித்துக் காட்டினாராம். கேட்காமல் எடுப்பது என்ற இடம் வந்ததும் அந்த அம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அடி ஆத்தீ! அப்ப ஆத்தா காயைக் களவாங்குறான்னா அவுககிட்டச் சொல்லிட்டு வந்தே?" என்றாராம்.

கம்பத்திலிருந்து ஒரு வாசகர் 'புட்' என்ற சொல்லைப் பற்றிக் கேட்டிருக்கிறார். டீ போடுவது, சண்டை போடுவது, தோசை போடுவது, ஊசி போடுவது எல்லாம் 'புட்'தானா என்பது அவர் கேள்வி. அது அடுத்த வாரம்.