ஐஸ் பாத்தைக் கைவிடலாமா?

2019 மே 20 முதல் வெப்பநிலை அலகான கெல்வினை வரையறுப்பது போல்ட்ஸ்மன் மாறிலி. தண்ணீருக்கு அதில் இடமில்லை. நீரின் உறைநிலை அதற்கு வெகுமுன்பே பதவி இழந்துவிட்டது. 1954இல் எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு மும்மைப் புள்ளியை அடிப்படையாக ஏற்றது. காரணம் நியாயமானதே. உறைநிலை காற்றழுத்தத்தையும் நீரில் கரைந்த காற்றையும் பொறுத்துச் சற்றே மாறும். காற்றை அகற்றி மூடிய கண்ணாடிக் கலத்தில் பனி, நீர், நீராவி மூன்றும் சேர்ந்திருக்கும் மும்மைப் புள்ளிக்கு அந்தத் தொல்லை இல்லை.

இதைக் காட்டி, ஐஸும் நீரும் கலந்து 0 டிகிரியைத் தரும் ஐஸ் பாத்தின் காலம் முடிந்தது என்பது சரியல்ல. இரண்டு புள்ளிகளுக்கும் இடைவெளி 0.01 டிகிரிதான். ஒழுங்காகத் தயாரித்த ஐஸ் பாத் சில மில்லிகெல்வினுக்குள் நிற்கும். ஆலைகளில் பயன்படும் 'கிளாஸ் ஏ' பி.டி.100 பிளாட்டின வெப்பநிலை சென்சாருக்கு 0 டிகிரியில் அனுமதிக்கப்பட்ட பிழையோ 0.15 டிகிரி. அதைச் சோதிக்க இது தாராளமாகப் போதும்.

கோளாறு பெரும்பாலும் தயாரிப்பில்தான். பீக்கர் தண்ணீரில் நாலைந்து ஐஸ் கட்டிகளை மிதக்கவிட்டால் அது ஐஸ் பாத் ஆகாது. நீருக்கு அடர்த்தி மிகுவது 4 டிகிரியில். அந்த நீர் அடியில் தங்கும். சென்சாரின் நுனி போய் நிற்பதும் அங்கேதான். வாலை வடிநீரில் உறையவைத்த ஐஸைப் பொடியாகச் சீவி, தெர்மாஸ் குடுவையில் அடிவரை அழுத்தி நிரப்ப வேண்டும். இடைவெளிகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த வடிநீர் ஊற்ற வேண்டும். அடியில் சேரும் நீரை அவ்வப்போது உறிஞ்சி எடுக்க வேண்டும். வெறுங்கை படக்கூடாது; கையிலுள்ள உப்பு கலந்துவிடும். லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கலந்தாலே உறைநிலை சுமார் 0.06 டிகிரி இறங்கிவிடும்.

இந்தக் குடுவையில் பி.டி.100 காட்ட வேண்டியது 100 ஓம். போன மாதம் 100.01, இந்த மாதம் 100.05 என்றால், சென்சார் 0.1 டிகிரி நகர்ந்துவிட்டது என்று பொருள். கீழே விழுந்தாலோ அதிர்வில் கிடந்தாலோ பிளாட்டினக் கம்பியில் இறுக்கம் ஏறி இப்படி ஆகும். அளவுத்திருத்தச் சான்றிதழின் தேதி அப்போதும் செல்லுபடியாகத்தான் இருக்கும். அது சொல்வது சோதித்த நாளின் நிலையை மட்டுமே.

ஆகவே, மாதம் ஒருமுறையும் அடிபட்டதாகச் சந்தேகம் எழும்போதும் ஒவ்வொரு சென்சாரின் உறைநிலை அளவையும் பதிவேட்டில் எழுதுங்கள். அனுமதித்த பிழையில் பாதியளவு நகர்ந்ததுமே அதை வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள். தணிக்கைக்கு வருபவர்கள் சான்றிதழோடு அந்தப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.