ஹெச்.ஆர். யார் பக்கம்?

எங்க பி.காம். வகுப்புல "அடுத்து என்ன?"ன்னு கேட்டா பாதிப் பேர் "எம்.பி.ஏ., ஹெச்.ஆர்."ங்கறாங்க. ஏன்னு கேட்டா, "நான் நல்லாப் பேசுவேன்ல!" அடப்பாவிகளா, பேச்சை வெச்சு இந்த வேலையை ஓட்டிடலாம்னு யார் சொன்னது?

சாஃப்ட்வேர் கம்பெனியை விடுங்க. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு வாங்க. அங்கே ஹெச்.ஆர்.ன்னா ஷிப்ட் பஸ், கேன்டீன் சாப்பாடு, ஹாஸ்டல் தண்ணி, கான்ட்ராக்ட் ஆளுங்களோட பி.எஃப். 2021 டிசம்பர்ல ஃபாக்ஸ்கான் பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில உட்கார்ந்தது சம்பள உயர்வுக்கு இல்லை. ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்காம நூத்துக்கும் மேல பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதுக்கு. ஐபோன் செய்யற ஆலையே நின்னுச்சு.

இதுல "ஆலோசகர்"னு ஒரு பட்டம் வேற. ஆலோசனை மட்டும்தான் இவர் சொல்லலாம், முடிவு எடுக்கறது மேல இருக்கறவங்க. ஆனா தொழிலாளி பார்க்கறது இவர் முகத்தை. 2009-ல கோவையிலயும் 2012-ல மானேசர்லயும் நடந்த வன்முறையில மனிதவள அதிகாரிகள் உயிரையே விட்டாங்க. அந்தக் கொலைகளுக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனா கெட்ட சேதியை எல்லாம் ஒரே ஆள் வாயில திணிக்கற நிர்வாகத்துக்கு அதுல ஒரு பாடம் இருக்கா இல்லையா?

பழைய ஆளுங்க தெளிவா இருந்தாங்க. மேஸ்திரிகளோட அட்டகாசத்தை ஒழிக்கத் தனியா லேபர் ஆபீசர் வேணும்னு 1931-லயே ராயல் கமிஷன் சொல்லுச்சு. 1948 தொழிற்சாலைச் சட்டம் 500 தொழிலாளியோ அதுக்கு மேலயோ இருந்தா நல அலுவலர் கட்டாயம்னு ஆக்குச்சு. அவர் தொழிலாளிக்கு எதிரா நிர்வாகத்துக்காக ஆஜராகக் கூடாதுன்னு பல மாநில விதிகள்ல எழுதியே வெச்சாங்க. 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த புதுச் சட்டத் தொகுப்பு வரம்பை 250 ஆக் குறைச்சிருக்கு. நல்லதுதான்.

ஆனா ஹெச்.ஆர். ஆளுக்கே நல அலுவலர் தொப்பியையும் மாட்டிவிட்டா என்ன பிரயோஜனம்? காலையில சார்ஜ் ஷீட் கொடுத்தவர் சாயங்காலம் வந்து "என்னப்பா குறை?"ன்னு கேட்டா எவன் வாயைத் திறப்பான்?

"தனி ஆள் போட்டா செலவு"ம்பீங்க. காஸ்ட் அக்கவுண்டிங் படிச்சவங்கதானே நாம? அசாதாரண வேலையில்லா நேரத்தை எங்கே எழுதுவோம்? காஸ்டிங் லாப நட்டக் கணக்குல நேரா நட்டமா! 2024-ல சாம்சங் ஆலையில சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம். அதுக்கு முன்னாடி ஓர் அலுவலர் சம்பளம் எந்த மூலைக்கு?

ஆக, ரெண்டு நாற்காலியும் தனித்தனியா இருக்கணும். நல அலுவலர், சார்ஜ் ஷீட் எழுதறவருக்குக் கீழே இருக்கவே கூடாது. ஹெச்.ஆர். ஆகப்போற மக்களே, நல்லாப் பேசறது இருக்கட்டும். மூணு மாசம் நைட் ஷிப்ட்ல நின்னு, அந்தக் கேன்டீன்லயே சாப்பிட்டுட்டு வாங்க. அப்புறம் ஆலோசனை சொல்லலாம் :-)