இரசாயனங்களோடு வேலை செய்வோருக்கு அரச பதிவேடு கோரும் மனு

பெறுநர்: தொழில் ஆணையாளர் நாயகம், தொழில் திணைக்களம், நாரஹேன்பிட்டி, கொழும்பு 5.

பிரதிகள்: தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகம், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, கொழும்பு மாநகர சபையின் பிரதம சுகாதார வைத்திய அதிகாரி.

அனுப்புநர்: பட்டறை, கராஜ், சலூன் ஊழியர்களின் சங்கம், பாமன்கடை, கொழும்பு 6.



பாமன்கடை வீதியை அண்டிய கராஜ்களில் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிப்போர், காலி வீதிச் சலூன்களில் முடியை நேராக்குவோர், கொட்டாஞ்சேனையிலிருந்து செட்டியார் தெருவுக்குப் போய் நகைப் பட்டறைகளில் பற்றவைப்போர் ஆகியோரின் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம். எமது முதன்மைக் கோரிக்கை ஒன்றே. எந்தத் தொழிலாளி, எந்த இடத்தில், எந்த இரசாயனத்தோடு, எவ்வளவு காலம் வேலை செய்தார் என்ற பதிவை அரசு தன் கையில் வைத்திருக்க வேண்டும். இயந்திரத்தில் விரல் போனால் அன்றைக்கே சாட்சி உண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு உண்டு. நஞ்சைச் சுவாசித்தவருக்கு இவை எதுவும் இல்லை. நோய் வெளியே தெரிய பல ஆண்டுகள் செல்லும். அதற்குள் பட்டறை கைமாறிவிடும், போத்தல் குப்பைக்குப் போய்விடும், முதலாளி நாட்டிலேயே இல்லாமலும் போகலாம். அன்று தேவைப்படும் சான்றை இன்றுதான் எழுதி வைக்க முடியும்.

நகைப் பட்டறையை முதலில் எடுத்துக்கொள்கிறோம். பழமையான அத்தொழிலின் ஆபத்தைப் பற்றிப் பொதுவெளியில் பேச்சே இல்லை. தங்கம் உருகுவது 1064 பாகை செல்சியஸில். கட்மியம் 767 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். கே.டி.எம். என்று வழங்கும் கட்மியம் கலந்த பற்றாசு தங்கத்திலும் குறைந்த சூட்டில் இளகி ஓடுவதால் வேலைக்கு இலகு. ஆனால் சுவாலை படும்போது கட்மியத்தின் ஒரு பகுதி புகையாக எழுந்து, குனிந்து வேலை செய்பவரின் மூக்குக்கு நேரே வருகிறது. அது உடனே எச்சரிப்பதும் இல்லை. தொண்டை சற்றுக் கரகரக்கும். சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். தடிமன் காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் போடுவார். ஒரே தடவையில் அதிகம் சுவாசித்தால் நுரையீரலில் நீர் கோத்து உயிரே போகும். சிறிது சிறிதாகச் சேர்ந்தால் சிறுநீரகத்தில் தங்கிவிடும். அங்கே சேர்ந்த கட்மியம் பாதியாகக் குறையவே பத்தாண்டுக்கு மேல் எடுக்கும். சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் கட்மியத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் தொகுதியில் வைத்திருக்கிறது. சிறுநீரகம் பழுதான ஒரு நகைத் தொழிலாளி ஆஸ்பத்திரிக்குப் போனால் நீரிழிவா, இரத்த அழுத்தமா என்றே காரணம் தேடப்படும். இருபது ஆண்டுக்கு முன் அவர் அமர்ந்திருந்த பட்டறை அந்தத் தேடலுக்குள் வருவதற்கு ஒரு தாளும் இல்லை.

கராஜ்களில் இதே கதை வேறு பொருளில் நடக்கிறது. இரண்டு டின்களைக் கலந்து அடிக்கும் பெயின்ட்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற வாயுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஸ்பிரே செய்யும்போது எழும் நுண்துளிகளில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது. அவற்றைச் சுவாசிப்பவருக்கு ஆஸ்துமா வரலாம்; ஒரு தடவை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவே மூச்சைத் திணறவைக்கப் போதும். அத்தோடு அவரது தொழிலே முடிந்துவிடுகிறது. சலூன்களில் முடியை நேராக்கும் சில கிறீம்கள் சூடான அயர்ன் பட்டதும் போமல்டிகைட் வாயுவை வெளிவிடுகின்றன. அதுவும் முதலாம் தொகுதிப் பொருளே. ‘போமல்டிகைட் இல்லை’ என்று முகப்பில் அச்சிட்ட ஒரு பொருளில் அது இருந்ததை 2010இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத் தொழில் பாதுகாப்பு அதிகாரிகள் பரிசோதனையில் கண்டுபிடித்தார்கள். முகப்புச்சீட்டை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதற்கு அது போதிய சான்று.

சட்டம் இல்லாமல் இல்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், பொருட்களைச் செய்தலையும் திருத்துதலையும் அலங்கரித்தலையும் தொழிற்சாலை வேலையாகவே கொள்கிறது. எனவே கராஜையும் நகைப் பட்டறையையும் அதிலிருந்து விலக்கக் காரணம் இல்லை. சலூன் ஊழியரின் நிலை வேறு. அவருக்கு ஆறுதலாகச் சொல்லப்படும் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பெரிதும் வேலை நேரம், லீவு, சம்பளம் பற்றியே பேசுகிறது. நட்டஈட்டுக்கோ 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன் தொழில்நோய் அட்டவணையில் அடங்காத நோயென்றால், வேலையால்தான் வந்தது என்று நிரூபிக்கும் சுமை நோயாளியின் தலையில் விழுகிறது. எந்தப் போத்தலைத் திறந்தோம் என்பதற்கே ஆதாரம் இல்லாதவர் எதை வைத்து நிரூபிப்பார்?

இந்தச் சுமை எவ்வளவு கொடியது என்பதைக் கொடைக்கானல் காட்டியது. அங்கிருந்த ஹிந்துஸ்தான் யூனிலீவரின் வெப்பமானித் தொழிற்சாலை இரசக் கழிவு வெளியானதால் 2001இல் மூடப்பட்டது. இரசத்தால் நோயுற்றோம் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். தொழிலாளர் உடல்நலத்துக்குப் பாதிப்பு இல்லை என்று கம்பனி சொல்லிவந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு வந்தது 2016 மார்ச்சில்தான். அத்தனை பெரிய நிறுவனத்தை எதிர்த்து, உலகெங்கும் ஆதரவு திரண்ட ஒரு போராட்டத்துக்கே பதினைந்து ஆண்டு சென்றது. மூன்று பேர் வேலை செய்யும் பட்டறையிலிருந்து வருபவருக்காக யார் திரளப் போகிறார்கள்?

எமக்குச் சொல்லப்படும் மறுப்புகளை நாம் அலட்சியம் செய்யவில்லை. ‘நோயாளிகள் எங்கே, கணக்குக் காட்டுங்கள்’ என்பது முதலாவது. பதிவு இல்லாத இடத்தில் கணக்கும் இருக்காது. கணக்கு இல்லாததைக் காரணம் காட்டிப் பதிவை மறுப்பது நியாயமாகாது. சிறு முதலாளிகள் செலவைத் தாங்கமாட்டார்கள் என்பது இரண்டாவது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அது வெறும் சாக்கு அல்ல என்று எமக்குத் தெரியும். எமது அங்கத்தவர்களின் பிழைப்பும் அந்தப் பட்டறைகளில்தான் இருக்கிறது. ஆகவே நாம் எதையும் உடனே தடைசெய்யக் கேட்கவில்லை. தடையின் கதியும் எமக்குத் தெரிந்ததே: 2017 டிசம்பரில், அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா இலங்கைத் தேயிலை இறக்குமதியை நிறுத்தியதும் அஸ்பெஸ்டஸ் இறக்குமதிக் கட்டுப்பாடு தள்ளிப்போனது. பதிவேட்டை எந்த வெளிநாட்டுச் சந்தையும் தள்ளிவைக்கச் சொல்லாது. முகமூடி கொடுத்தாலும் ஊழியர்கள் போடுவதில்லை என்பது மூன்றாவது. துணி முகமூடியோ தூசு முகமூடியோ ஐசோசயனேட்டைத் தடுக்காது. அந்த வேலைக்கு வெளியிலிருந்து காற்றூட்டும் முகமூடி வேண்டும். பயன்படாததைக் கொடுத்துவிட்டு, போடவில்லை என்று ஊழியரைக் குறைசொல்வது சரியல்ல.

நடைமுறையில் முடியாது என்று எவரும் சொல்ல இடமில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு ஒரு தொழிலாளியை முதலாளிக்கு முதலாளி பின்தொடர்கிறது. பணத்துக்குச் சாத்தியமான ஏடு உடலுக்கும் சாத்தியமே. துண்டு வேலை செய்வோர் பலருக்குச் சேமலாப நிதி இல்லாததால் தேசிய அடையாள அட்டை இலக்கத்தை அடிப்படையாகக் கொள்ளலாம். மாநகர சபை வருடாந்தம் வியாபார உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, பாவிக்கும் இரசாயனங்களின் பட்டியலை ஒரு பக்கப் படிவத்தில் வாங்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதை நேரில் சரிபார்த்து, ஊழியருக்கு அவரது மொழியில் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். முகப்புச்சீட்டுகளைச் சிங்களத்திலும் தமிழிலும் கட்டாயமாக்க, பணிப்புரை விடுக்கும் அதிகாரம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் 2003ஆம் ஆண்டின் சட்டப்படி இருக்கிறது. பெயின்ட்டில் ஈயத்தின் அளவுக்கு 2013 முதல் எல்லை வைத்தது அதே சபைதான். அந்த எல்லை சுவரைத் தொடும் பிள்ளையைக் காத்தது. சுவருக்குப் பெயின்ட் அடிப்பவரையும் அதே அக்கறை எட்ட வேண்டும்.

2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய நிறுவகம், பதிவில் ஏறியவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு தடவை இலவசப் பரிசோதனை ஏற்பாடு செய்ய வேண்டும்: நகைத் தொழிலாளருக்குச் சிறுநீர்ப் பரிசோதனை, பெயின்ட் அடிப்போருக்கு மூச்சுத்திறன் பரிசோதனை. முடிவு ஊழியரின் கைக்கே வர வேண்டும். முடிவைக் காட்டி எவரையும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது. இந்த உறுதி இல்லாவிட்டால் எமது அங்கத்தவர்கள் பரிசோதனைக்கு வரமாட்டார்கள் என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம். பதிவில் பொருளும் காலமும் உறுதியான பிறகு, அந்தப் பொருளால் வரக்கூடிய நோய் கண்டால் அது வேலையால் வந்ததென்றே கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டும் பொறுப்பு முதலாளியுடையதாக நட்டஈட்டுச் சட்டம் திருத்தப்பட வேண்டும்.

பாதுகாப்பான வேலைச் சூழலை அடிப்படை உரிமைகளில் ஒன்றாக சர்வதேசத் தொழில் அமைப்பு 2022 ஜூனில் சேர்த்துக்கொண்டது. 1948 முதல் அதன் உறுப்பு நாடான இலங்கையை அதை மதிக்கும் கடமை கட்டுப்படுத்துகிறது. சட்டத் திருத்தத்துக்குக் காலம் எடுக்கும் என்பதை ஏற்கிறோம். படிவத்துக்கும் பரிசோதகரின் வருகைக்கும் திருத்தம் தேவையில்லை. அடுத்த வியாபார உரிமப் புதுப்பிப்புக்கு முன் கொழும்பு 6, 11, 13 ஆகிய வட்டாரங்களில் முன்னோடியாக இதைத் தொடங்கும்படியும், படிவத்தைத் தயாரிக்கும் கூட்டத்துக்கு எமது சங்கப் பிரதிநிதிகளையும் பட்டறை உரிமையாளர்களையும் ஒன்றாக அழைக்கும்படியும் வேண்டுகிறோம். கூட்டத்துக்கான திகதியை எழுத்தில் அறியத்தரவும்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், அங்கத்தவர்கள்
பாமன்கடை, கொழும்பு 6.