எம்17-ம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும்

ப்ராஜெக்ட் டைட்டில் கொடுக்கிற சீசன் வந்தாச்சு. எந்த டிபார்ட்மென்ட் லிஸ்ட்டைப் பார்த்தாலும் அதே அட்டென்டன்ஸ் சிஸ்டம், அதே ஸ்மார்ட் டஸ்ட்பின். "ஸ்பேஸ் டேட்டா வெச்சுப் பண்ணலாமா?"னு கேட்டா, "அதெல்லாம் ஃபிசிக்ஸ்காரங்க வேலைப்பா, நமக்கு என்ன யூஸ்?" என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன்னு சொல்றேன்.

தனுசு விண்மீன் குழுவில், சுமார் 5,500 ஒளியாண்டு தூரத்தில் எம்17 என்றொரு நெபுலா இருக்கிறது. அதன் நடுவே சூரியனைவிடப் பல மடங்கு எடையுள்ள இளம் நட்சத்திரங்கள். அவற்றிலிருந்து கிளம்பும் காற்று நொடிக்கு ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது. இந்தக் காற்றுகள் ஒன்றோடொன்றும், சுற்றியுள்ள வாயுவோடும் மோதும்போது அதிர்ச்சி அலை உருவாகி, வாயு பத்து லட்சம் டிகிரியைத் தாண்டிச் சூடாகிறது.

அவ்வளவு சூட்டில் வாயு பெரும்பாலும் எக்ஸ்-ரேயில்தான் ஒளிரும். நம்ம வளிமண்டலம் அதைக் கீழே விடாது. அதனால்தான் 1999-ல் சந்திரா தொலைநோக்கியை விண்வெளிக்கே அனுப்பினார்கள். நம்ம சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர்தான் அதற்கு. 2003-ல் வெளியான ஆய்வில், எம்17-ன் சூடான வாயு, மூடி திறந்த சோடா மாதிரி ஒரு பக்கமாகப் பொங்கி வெளியேறுவது தெரிந்தது.

இப்போ கணக்குக்கு வாங்க. காற்று கொண்டுவந்து கொட்டும் ஆற்றலில் எக்ஸ்-ரேயாக வெளியேறுவது மிகச் சிறிய பங்குதான். மீதி எங்கே? எவ்வளவு வெளியே ஒழுகுகிறது, எவ்வளவு குளிர்ந்த வாயுவோடு கலந்து போகிறது? இது மூன்றாவது செமஸ்டரில் நாம போட்ட எனர்ஜி பேலன்ஸ்தானே!

டேட்டா? ஒவ்வொரு ஃபோட்டானும் எப்போ, எங்கே, எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்று ஒரு அட்டவணை. நாய்ஸைக் கழிப்பது இசிஇ வேலை, அட்டவணையை அலசுவது சிஎஸ் வேலை, வாயு ஓட்டம் மெக்கானிக்கல் வேலை. சில காலம் கழித்து இந்த டேட்டா எல்லாருக்கும் இலவசம். சாஃப்ட்வேரும் இலவசம்.

கஷ்டம் இல்லைன்னு சொல்லல. பழகவே சில வாரம் ஆகும், கைடு கிடைப்பதும் சிரமம். "ப்ளேஸ்மென்ட்டுக்கு உதவுமா?" என்ற கேள்வியும் நியாயம்தான். ஆனா இன்டர்வியூவில் "இதில் நீ என்ன செய்தாய்?" என்று கேட்டால், காசு கொடுத்து வாங்கின ப்ராஜெக்ட் பதில் சொல்லாது.

டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு டீமாவது இந்த வருஷம் முயற்சி பண்ணுங்க. டஸ்ட்பின் அடுத்த வருஷமும் இருக்கும்!