பிக்சல் ஓவியர் ‘மட்டும்’ தேவை

பொறியியல் கல்லூரி விடுதிகளில் இரவு கண்விழித்துச் சொந்தமாகக் கேம் எஞ்சின் எழுதும் மாணவர்கள் இன்று இந்தியா முழுவதும் இருக்கிறார்கள். பழைய 8 பிட் விளையாட்டுகளின் தோற்றத்தில் தாமும் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. ஓராண்டு, ஈராண்டு உழைத்துப் படத்தைத் திரையில் காட்டுவது, மோதலைக் கணக்கிடுவது, ஒலி எழுப்புவது என அனைத்தையும் முடித்த பிறகு ஓர் அறிவிப்பு வெளிவருகிறது: எஞ்சின் தயார், பிக்சல் ஓவியர் மட்டும் தேவை, ஊதியம் இப்போதைக்கு இல்லை, விளையாட்டு விற்றால் பங்கு உண்டு. பெரும்பாலும் யாரும் வருவதில்லை. வந்தவரும் இரண்டு வாரத்தில் காணாமற்போகிறார். ஓவியர்களுக்கு ஈடுபாடு போதாது என்று நிரலாளர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள்.

கோளாறு அந்த ‘மட்டும்’ என்ற சொல்லில் இருக்கிறது. வீட்டைக் கட்டி முடித்த பிறகு வெள்ளையடிக்க ஆள் தேடும் மனநிலையை அது காட்டிக்கொடுக்கிறது. இவ்வகை விளையாட்டில் ஓவியம் மேற்பூச்சு அன்று. எத்தனை நிறம், எவ்வளவு பெரிய கட்டம், ஒரு திரையில் எத்தனை உருவம் என்பனவே எஞ்சினின் எலும்புக்கூடு. அந்த முடிவுகள் ஓவியரைக் கேளாமலேயே எடுக்கப்பட்டுவிடுகின்றன.

நிரலாளர் ஒருவர் ஓவியரைத் தேடிப்போன புகழ்பெற்ற நிகழ்வு ஒன்று உண்டு. அது விளையாட்டு உலகைச் சேர்ந்ததன்று. ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினி 1984-இல் வெளிவந்தது. அதன் மென்பொருளை எழுதியவர்களுள் ஒருவரான ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட், திரைக்கான சிறு படங்களையும் எழுத்துருக்களையும் வரையத் தம் பள்ளித் தோழி சூசன் கேரை அணுகினார். கேர் கலை வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர், சிற்பி, கணினிக்குப் புதியவர். கட்டம் போட்ட தாளை வாங்கி, 32×32 கட்டங்களை நிரப்பிப் பார்க்கச் சொன்னார் ஹெர்ட்ஸ்ஃபெல்ட். அதன்பின் அவர் செய்ததுதான் இங்கே முக்கியம்: கேர் திரையிலேயே வரைந்து பார்ப்பதற்கென ஒரு செயலியைத் தாமே எழுதிக் கொடுத்தார். கருவி, ஓவியரின் கைக்கேற்ப உருவானது. வீட்டில் எழுதப்படும் எஞ்சின்கள் பலவற்றிலோ ஓவியர் தம் படத்தைத் தாமே உள்ளே ஏற்றிப் பார்க்க வழியே இருப்பதில்லை. கோப்பை அனுப்பிவிட்டு, நிரலாளர் ஓட்டிக் காட்டும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு பிக்சலை நகர்த்திப் பார்க்க ஒரு நாள் ஆகுமென்றால் எந்த ஓவியர் நிலைத்து நிற்பார்?

எல்லோரும் ஏங்கும் அந்தப் பழைய தோற்றமும் இப்படித்தான் பிறந்தது. நின்டெண்டோவின் ஃபேமிகாம் 1983-இல் ஜப்பானில் வந்தது. அதன் பின்னணிப் படம் முழுவதும் 8×8 டைல்களால் ஆனது; ஒரே நேரத்தில் பயன்படுத்த 256 டைல்கள்; ஒரு டைலுக்கு நான்கு நிறம், அதிலும் ஒன்று பொது. நகரும் உருவத்துக்கு மூன்றே நிறம். திரையின் ஒரே கிடைவரியில் எட்டு ஸ்பிரைட்டுக்கு மேல் வந்தால் மிஞ்சியவை மறைந்துவிடும். இந்த எல்லைகள் ஓவியருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 1981-இல் வந்த ‘டாங்கி காங்’ விளையாட்டில் ஷிகேரு மியாமோட்டோ மரியோவுக்குத் தொப்பி வைத்தது முடியை வரையும் தொல்லையைத் தவிர்க்க. மீசை வைத்தது வாய் வரையாமல் தப்பிக்க. அவர் தொழில்துறை வடிவமைப்புப் படித்தவர். எல்லையை அறிந்த ஓவியக் கண் ஒன்று தொடக்கத்திலிருந்தே உள்ளே இருந்ததால் கிடைத்த முகம் அது.

ஓவியர் இல்லாமலே சாதித்தவர்களைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். டைசுகே அமாயா ஐந்தாண்டு தனியாக உழைத்து 2004-இல் ‘கேவ் ஸ்டோரி’யை வெளியிட்டார். எரிக் பரோன் நான்காண்டுக்கும் மேலாகத் தனியாக உழைத்து 2016-இல் ‘ஸ்டார்டூ வேலி’யை வெளியிட்டார், அதன் படங்களை அவர் திரும்பத் திரும்ப அழித்து வரைந்திருக்கிறார். இவை ஓவியர் தேவையில்லை என்பதற்குச் சான்றாகா. நிரலும் ஓவியமும் ஒரே தலைக்குள் பேரம் பேசிக்கொண்டன என்பதற்கே சான்று.

உழைப்பின் அளவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு நாயகன் நான்கு திசையிலும் நடக்க, திசைக்கு நான்கு நிலை என்றால் 16 படம். இடப்பக்கத்தைத் திருப்பி வலப்பக்கமாக்கினாலும் 12. இன்னும் அவன் வாள் வீசவில்லை, விழவில்லை, எதிரி ஒருவனும் வரவில்லை. விற்காத விளையாட்டில் பாதிப் பங்கு என்பது பூஜ்யத்தின் பாதி. பணம் இல்லாத மாணவர் நாற்பது படம் கேட்பதை விட்டு, நான்கு படம் கேட்டு அதற்குரிய கூலியைக் கொடுப்பது நேர்மை. மாதிரிக்கு வரைந்து காட்டச் சொன்னாலும் அதற்கும் காசு உண்டு.

நட்புக்காக வரைந்து தந்தார் என்பது சட்டத்திலும் உதவாது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 19-ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருந்து, கொடுப்பவர் கையொப்பமிட்டால்தான் செல்லும். அதில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா எல்லைக்குள் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். விளையாட்டை உலகெங்கும் விற்கக் கனவு காண்பவர் ஒரு பக்கமாவது எழுதி வைப்பது நல்லது.

படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவு இருக்க ஓவியர் எதற்கு என்ற கேள்வியும் எழும். அது தரும் ‘பிக்சல்’ படம் பெரும்பாலும் கட்டத்தில் பொருந்தாது. நான்கு நிறத்தில் அடங்காது. கடைசியில் ஒருவர் உட்கார்ந்து மாற்றி வரையத்தான் வேண்டும்.

ஓவியரைத் தேடும் இடமும் குறுகலாக இருக்கிறது. பிக்சல் ஓவியம் என்ற பெயரே கேள்விப்படாமல் கட்டத்தில் சிந்திப்பவர்கள் இந்நாட்டில் குறைவில்லை. பனாரஸ் பட்டுக்கு ஜக்கார்ட் தறியில் கோலம் ஏற்றுவதற்குமுன், அதை வரைகட்டத் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பும் வரைவாளர்கள் இருக்கிறார்கள். எந்தக் கட்டத்தை விட்டால் இதழின் வளைவு கெடும் என்று அவர்களுக்குத் தெரியும். நெசவு வடிவமைப்புத் துறைகளில் இதைப் பயிலும் மாணவர்களிடம் கணினித்துறை மாணவர் ஒருவர் போய்க் கேட்டால் என்ன? இரு துறையும் உள்ள கல்லூரிகளில் அவற்றுக்கு இடையே உள்ள தூரம் ஒரு கட்டடம்தான். அதைக் கடப்பவர்தான் இல்லை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஞ்சினின் எழுத்துக் கட்டம் 8×8 என்று முடிவானவுடன் விளையாட்டின் மொழியும் ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது. ஆங்கிலப் பேரெழுத்தும் எண்களும் 36 டைல்களில் அடங்கும். ஃபேமிகாம் காலத்து ஜப்பானிய விளையாட்டுகளே பெரும்பாலும் சீன வழி எழுத்துகளை விட்டுவிட்டு அசையெழுத்துகளால் மட்டும் பேசின. தமிழுக்கு உயிரும் ஆய்தமும் 13, அகர மெய் 18, புள்ளி மெய் 18, இகர ஈகார வடிவம் 36, உகர ஊகார வடிவம் 36, தனியே நிற்கும் குறிகள் நான்கு: கிரந்தம் நீங்கலாகவே 125 வடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் 16×16 இடம் கொடுத்தால் 500 டைல். ஃபேமிகாமின் முழுப் பின்னணிக்கும் கிடைத்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. போதாக்குறைக்கு, ஒற்றைக்கொம்பு கோப்பில் மெய்க்குப் பின்னே சேமிக்கப்படுகிறது, திரையில் முன்னே வர வேண்டும். எளிய எஞ்சின் அதைப் பின்னாலேயே அச்சிட்டு வைக்கும். இந்தச் சிக்கல்களை நிரலாளர் தனியாகத் தீர்க்க முயலும்போதுதான், விளையாட்டு ஆங்கிலத்திலேயே இருக்கட்டும் என்று முடிவாகிறது.

ஆகவே தமிழில் பேசும் விளையாட்டைச் செய்ய நினைப்பவர், ஓவியரிடம் நாயகனை முதலில் கேட்க வேண்டியதில்லை. எஞ்சினில் எதையும் உறுதிசெய்வதற்குமுன் ண, ன, கெ, கே என்ற நான்கு எழுத்துகளை வரைந்து தரக் கேட்கலாம். மூன்று சுழிக்கும் இரண்டு சுழிக்கும் வேறுபாடு தெரிகிறதா, ‘கெடு’வும் ‘கேடு’ம் வேறாகப் படிகிறதா என்று ஒரு கை தள்ளி நின்று பார்க்கலாம். தெரியவில்லையென்றால் மாற்ற வேண்டியது கட்டத்தின் அளவை. அந்த நேரத்தில் அது நிரலில் ஒரே ஒரு வரி.