கமிட்டிக்கு வந்த மூட்டை

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ மார்க்கெட் கமிட்டி களத்தில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தால் தேர்தலில் பாதி புரிந்துவிடும். மல்லாட்டையை (வேர்க்கடலையை) இறக்கிக் குவித்துவிட்டுக் குடியானவர் காத்திருப்பார். வியாபாரி ஒரு பிடி அள்ளி, தோலை நசுக்கிப் பருப்பைப் பார்த்துவிட்டு, விலையைச் சீட்டில் எழுதிப் போடுவார். எழுதிய விலை எதுவும் கட்டாது. திருப்பிக் கொண்டுபோனாலோ வண்டி வாடகை இரட்டிப்பு, வீட்டில் எலி, மேலே மேகம். எதில் நஷ்டம் குறைவோ அதற்குத் தள்ளிவிட்டு ஊர் திரும்புவார். கொள்கை இல்லாதவர் என்று அவரை யாரும் ஏசுவதில்லை.

ஓட்டுப் போடுகிறவரை மட்டும் ஏசுகிறோம். எரிகிற கொள்ளியில் நல்ல கொள்ளி எது என்று கேட்டுவிட்டு, ஏதோ ஒன்றை எடுத்தவரிடம் கை ஏன் சுட்டது என்றும் கேட்கிறோம்.

இந்த மண்ணுக்கு நல்லவர் கிடைக்காமல் இல்லை. திண்டிவனத்துக்கு அருகே ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947-ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். சிபாரிசுக்கு வளையாதவர் என்று பேர் எடுத்தவர். 1949-ல் அவரை இறக்கியது மக்கள் அல்லர், சொந்தக் கட்சி உறுப்பினர்கள். வயதுவந்த எல்லோர் கைக்கும் ஓட்டு வந்தது அதற்குப் பிறகுதான். தென்னார்க்காட்டின் கூலிக்காரரும் குடியானவரும் முதன்முதலாக வாக்குச்சாவடி ஏறிய 1952-ல் ஓமந்தூரார் ஆட்சி பழங்கதையாகியிருந்தது.

அந்தத் தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெட்டியின் மேல் சின்னத்தை ஒட்டியிருப்பார்கள். வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். தங்களை ஒதுக்குகிறது என்ற கோபம் காங்கிரஸ் மேல் வன்னியரிடம் முற்றியிருந்த காலம். எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி சட்டமன்றத்தில் 19 இடங்களை வென்றது. திண்டிவனம் மக்களவைத் தொகுதியும் அதற்கே போனது. அப்போது தி.மு.க. தேர்தலில் நிற்கவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. திராவிட நாடு கோரிக்கையைச் சட்டமன்றத்தில் ஆதரிப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களுக்கு ஆதரவு என்று அறிவித்தது. உழைப்பாளர் கட்சியும் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சியும் அந்த ஆதரவைப் பெற்றன. குறைந்த தீமையைப் பத்திரம் எழுதி வாங்கப் பார்த்த முயற்சி என்று இதைச் சொல்லலாம்.

பத்திரம் நிற்கவில்லை. 375 இடங்களில் 152 மட்டுமே பிடித்திருந்த காங்கிரசுக்கு ராஜாஜி தலைமையேற்று ஆள் சேர்த்தார். மாணிக்கவேலு நாயக்கர் அதே ஆண்டில் அமைச்சரானார். 1954-ல் காமராசர் முதல்வரானதும் படையாட்சியாரும் அமைச்சரவைக்குள் போனார், கட்சியும் காங்கிரசில் கரைந்தது. போகாமல் நின்றவர்களில் ஒருவர் ஏ. கோவிந்தசாமி. அவர் வென்ற உதயசூரியன் சின்னம்தான் பின்னால் தி.மு.க.வின் சின்னமானது. அவரும் 1967-ல் அண்ணா அமைச்சரவையில் இடம்பெற்றார்.

காங்கிரஸ் வேண்டாம் என்று போட்ட ஓட்டு காங்கிரசுக்கே போய்ச் சேர்ந்தது. இதை ஏமாற்று என்று ஒரே சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ராஜாஜியின் கல்வித் திட்டத்தைக் கைவிட்டவர் காமராசர். குடியாத்தம் இடைத்தேர்தலில் தி.மு.க.வே அவரைத்தான் ஆதரித்தது. படையாட்சியார் போட்ட கணக்கு சரியாகவே இருந்திருக்கலாம். என் மனத்தாங்கல் வேறு: அந்தக் கணக்கைப் போடும்போது பெட்டியில் சீட்டுப் போட்டவரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

கூப்பிட்டுக் கேட்காத பழக்கம் பிறகு இங்கே நிலைத்துவிட்டது. இடஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் நடத்திய 1987 செப்டம்பர் சாலை மறியலில் 21 உயிர்கள் போயின. 1989 ஜனவரித் தேர்தலைச் சங்கம் புறக்கணித்தது. மூட்டையைத் திருப்பிக் கொண்டுபோன ஆண்டு அது, அதற்கு விலையும் கிடைத்தது: மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத இடஒதுக்கீடு. ஆனால் அந்தப் புறக்கணிப்புக்குப் பின்னால் ரத்தம் சிந்திய ஒரு போராட்டம் நின்றது. வெறுமனே வீட்டில் படுத்திருந்து வாங்கியது அல்ல. சங்கத்திலிருந்து அதே ஆண்டில் பிறந்த பா.ம.க. பின்னர் 1998-ல் அ.தி.மு.க.வின் இலையோடு, 1999-ல் தி.மு.க.வின் சூரியனோடு, 2001-ல் இலையோடு, 2004-ல் சூரியனோடு, 2009-ல் இலையோடு, 2011-ல் சூரியனோடு. எது சின்னத் தீமை என்பது ஒவ்வொரு முறையும் கட்சி நிறுவனரின் தைலாபுரம் தோட்டத்தில் முடிவானது. 2016-ல் இரண்டும் வேண்டாம் என்று தனியே நின்றபோது ஓர் இடம்கூட இல்லை.

ஒதுங்கி நிற்பதுதான் தூய்மை என்பவர்கள் கடல் தாண்டிப் பார்க்கலாம். 2005 இலங்கை அதிபர் தேர்தலில் புலிகளின் தடையால் யாழ்ப்பாணத்தில் அநேகமாக யாருமே வாக்களிக்கவில்லை. ராஜபக்ச ஜெயித்த வித்தியாசம் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. 2010-ல் அதே மக்களில் வாக்களித்தவர்கள், புலிகளுக்கு எதிரான போரை நடத்திய தளபதி சரத் பொன்சேகாவுக்கே பெரும்பான்மையாகப் போட்டார்கள். எந்த மனதோடு போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவிலுள்ள விக்கிரவாண்டிக்கு வருவோம். 2024 ஜூலை இடைத்தேர்தலை அ.தி.மு.க. புறக்கணித்தது. 2021-ல் பா.ம.க.வோடு சேர்ந்து அந்தக் கட்சி அங்கே 84,000 ஓட்டு வாங்கியிருந்தது. தலைமை சொன்னபடி அதில் இலைக்காரர் எல்லோரும் வீட்டிலிருந்திருந்தால் சாவடிகள் காற்றாடியிருக்கும். பதிவானது சுமார் 82 சதவீதம். தி.மு.க.வுக்கு 1,24,000, பா.ம.க.வுக்கு 56,000. நோட்டா ஆயிரத்தைத் தொடவில்லை. 2021-ல் சூரியன் வாங்கியது 93,000-தான் என்பதால், இலைக்காரர்களில் கணிசமானவர்கள் அங்கேயும் இங்கேயும் பிரிந்து போட்டிருக்கிறார்கள் என்று கணக்கு சொல்கிறது. பணம் ஓடியது என்பார்கள். ஓடாத இடைத்தேர்தல் எது? எந்தத் தோட்டமும் எந்தத் தலைமையும் சொல்லாமல், எது குறைந்த தீமை என்று அவரவரே நிறுத்துப் பார்த்த தேர்தல் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

குறைந்த தீமைக்குப் போடலாமா என்றால், போடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கமிட்டியில் விலை படிந்ததும் குடியானவர் டீ குடிக்கப் போய்விடுவதில்லை. தராசுக்குப் பக்கத்திலேயே நிற்பார். மூட்டை மூட்டையாக எடையை எண்ணுவார். சாக்குக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று கேட்பார். ஓட்டு இயந்திரத்தின் கண்ணாடிக்குள் சீட்டு தெரிவது ஏழு வினாடி. அதோடு நம் வேலை தீர்ந்தது என்று ஐந்து வருஷம் களத்தைவிட்டு வந்துவிடுகிறோம்.

அடுத்த தடவை உங்கள் தெருவுக்கு வேட்பாளர் வரும்போது துண்டின் கரையைப் பார்க்காதீர்கள். போன தடவை அவர் தந்த நோட்டீசை எடுத்துவந்து, வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள்.