சென்டம் ஹெச்.எம்.களும் காணாமப் போன ஒன்பது பேரும்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதனால இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. இன்னைக்கும் ஏதாவது மொக்கை போட்டுட்டு ஓடிடலாம்னுதான் இருந்தேன். ஆனா ஊருக்குப் போனப்ப பஸ் ஸ்டாண்ட் எதிர்ல பார்த்த ஒரு பிளெக்ஸ் மண்டைக்குள்ளயே உக்காந்திருக்கு. எழுதித் தொலைச்சாதான் தூக்கம் வரும்.

"பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வில் தொடர்ந்து 100% தேர்ச்சி." நடுவுல கை கூப்பின தலைமையாசிரியர் ஆளுயரத்துக்கு. சுத்தி ஸ்டாம்ப் சைஸ்ல பசங்க. டீக்கடையில பக்கத்துல நின்ன பெரியவர், "நல்ல ஹெச்.எம். தம்பி, வந்ததுல இருந்து சென்டம்தான்"னார். நான் பேசாம டீயைக் குடிச்சேன். பேசியிருக்கணும். அங்க பேசாததைத்தான் இங்க கொட்டறேன்.

மக்களே, சென்டம் காட்டற ஹெச்.எம். எல்லாரும் நல்ல ஹெச்.எம். இல்ல. அதுல பாதிப் பேர் நல்ல கணக்குப்பிள்ளைங்க. அவ்வளவுதான். (பாதின்னு நான் சொன்னதுக்கு ஆதாரம் கேட்டு பின்னூட்டம் போடாதீங்க. அது வயித்தெரிச்சல் கணக்கு.)

எப்படின்னு சொல்றேன்.

நான் ஒன்பதாவது படிச்சது 2011-12. சமச்சீர் புத்தகம் கோர்ட்டு கேஸெல்லாம் முடிஞ்சு ஆகஸ்ட்ல கைக்கு வந்துச்சே, அந்த வருஷம். அரசு உதவி பெறும் பள்ளி, பேர் வேண்டாம். எங்க செக்‌ஷன்ல 43 பேர். முழு ஆண்டுத் தேர்வு முடிஞ்சு ஒரு நாள் சில பேரோட அப்பா அம்மாவை மட்டும் ஆபீஸுக்கு வரச் சொன்னாங்க. என் பெஞ்ச் மேட்டோட அம்மாவும் வந்தாங்க, தறிக்கு லீவு போட்டுட்டு.

ஹெச்.எம். ரூம்ல நடந்ததை அவன்தான் அப்புறம் சொன்னான். டீல் ரொம்ப சிம்பிள். "இங்கேயே இருந்தா ஃபெயில். ஒன்பதாவது மறுபடி படிக்கணும். டிசி வாங்கிக்கறீங்கன்னா பாஸ் போட்டுத் தர்றேன். வேற ஸ்கூல்ல பத்தாவது சேர்த்துக்கங்க." கேக்கறதுக்கு உதவி பண்ற மாதிரியே இருக்கும். அந்த அம்மா கும்பிட்டு நன்றி சொல்லிட்டு வந்தாங்களாம்.

எட்டாவது வரைக்கும் யாரையும் ஃபெயில் போடக் கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டம் 2010-லயே அமலுக்கு வந்துடுச்சு. பத்தாவது பரீட்சை கவர்ன்மென்ட் கையில. மிச்சம் இருக்கறது ஒன்பதாவது ஒண்ணுதான். அங்க மட்டும்தான் ஹெச்.எம். கையில கத்தரிக்கோல் இருக்கு.

அப்படி ஒன்பது பேர் போனாங்க. பத்தாவதுல 34 பேர் எழுதினோம், 34 பேரும் பாஸ். நூத்துக்கு நூறு! பிளெக்ஸ் வச்சாங்க. அதே 34-ஐ 43-ஆல வகுத்துப் பாருங்க, 79 வரும். 79-க்கு எவனும் பிளெக்ஸ் வைக்க மாட்டான்.

எங்க வேலையில இதுக்கு ஒரு பேர் இருக்கு. டெஸ்ட் கேஸ் ஃபெயில் ஆனா கோடைத் திருத்தணும். கோடைத் திருத்தாம டெஸ்ட் கேஸையே கமென்ட் பண்ணிட்டு, "பாருங்க, பில்டு பச்சையா வருது"ன்னு மேனேஜருக்கு மெயில் போடறவன் ஒருத்தன் எல்லா டீம்லயும் இருப்பான். அவனைப் பிடிச்சா பெஞ்ச்ல உக்கார வைப்போம். ஸ்கூல்ல அதே வேலையைச் செய்யறவருக்குப் பொன்னாடை போத்தறோம். கமென்ட் பண்ணின வரியை நாளைக்கே திரும்ப எடுத்துடலாம். என் பெஞ்ச் மேட்டை எடுக்க முடியுமா? அவனைப் பத்தாவதுல சேர்க்க எந்த ஸ்கூலும் தயாரா இல்ல. அவங்களுக்கும் சென்டம் வேணுமே! ஜூலை வரைக்கும் அலைஞ்சாங்க. ஆகஸ்ட்ல திருப்பூர் பனியன் கம்பெனியில கைமடி வேலைக்குப் போயிட்டான். அப்ப அவனுக்குப் பதினஞ்சு வயசு கூட முடியல.

இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்த பிளெக்ஸ்ல என் போட்டோவும் இருந்துச்சு. ரெண்டாவது வரிசை, மூணாவது ஸ்டாம்ப். எங்க அப்பா அதை செல்போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கிட்டார்.

இப்ப சிலர் கிளம்பி வருவீங்கன்னு தெரியும். "எங்க ஹெச்.எம். பிரம்பால பின்னி எடுப்பார், அதனாலதான் இன்னைக்கு நல்லா இருக்கேன்"னு மாசம் ஒரு கொசுவத்திப் பதிவு வருதே, அந்தக் கட்சி. அண்ணாச்சிகளா, அடி வாங்கி உருப்பட்டவன் பதிவு எழுதறான். அடிக்குப் பயந்து ஸ்கூலை விட்டு ஓடினவன் பிளாகர்ல அக்கவுண்ட் தொறக்கறதில்ல. அவன் கதை உங்க காதுக்கு வராது. வந்த கதையை மட்டும் வச்சுக்கிட்டு பிரம்புக்கு மாலை போடாதீங்க. பள்ளிக்கூடத்துல அடிக்கக் கூடாதுன்னு 2009 சட்டத்தோட 17-ஆவது பிரிவே சொல்லுது.

ஹெச்.எம். கதைதான் வேணும்னா ஒரு நல்ல கதை சொல்றேன். 1904, கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல் பரிசளிப்பு விழா. ஹெச்.எம். பேரு கிருஷ்ணசாமி ஐயர். கணக்குப் பரிசு வாங்க வந்த பையனை மேடையில நிக்க வச்சு, முழு மார்க்குக்கும் மேல போட வழி இருந்தா இவனுக்குப் போடலாம்கற அர்த்தத்துல அறிமுகப்படுத்தினார். பையன் ராமானுஜன். அதே ஸ்கூல்ல சுமார் 1200 பசங்களுக்கும் 35 வாத்தியாருக்கும் டைம்டேபிள் போடற சிக்கல்ல அந்தப் பையனோட உதவியை வாங்கியிருக்காங்க. யோசிச்சுப் பாருங்க, இன்னைக்கு ஸ்டூடன்ட்டை ஆபீஸ் ரெஜிஸ்டரைத் தொட விடுவாங்களா? அப்புறம் அதே ஊர் காலேஜுக்குப் போனார். கணக்கைத் தவிர மத்த பாடத்தைக் கண்டுக்கல, ஃபெயிலாகி ஸ்காலர்ஷிப் போச்சு. ஸ்கூலுக்கும் காலேஜுக்கும் நடுவுல பையன் மூளை மாறிடல. முதல் இடத்துல அவன்கிட்ட என்ன இருக்குன்னு பார்க்க ஒரு ஆள் இருந்தார். ரெண்டாவது இடத்துல என்ன இல்லன்னு பார்க்க ஒரு விதி இருந்துச்சு. நம்ம சென்டம் ஹெச்.எம். கையில அந்தக் காலேஜ் மார்க் ஷீட்டைக் குடுத்தா என்ன பண்ணுவார்? பாஸ் போட்டு டிசிதான்.

சரி, எதிர்க்கட்சி வாதத்தையும் பார்ப்போம். "ஹெச்.எம். என்னப்பா பண்ணுவார், மேல இருந்து நெருக்கறாங்க." இது உண்மைதான். எனக்கு நல்லாவே தெரியும், ஏன்னா எங்க சித்தி அரசு உயர்நிலைப் பள்ளி ஹெச்.எம்.மா இருந்து ரிடையர் ஆனவங்க. பட்டதாரி ஆசிரியரா இருந்து சீனியாரிட்டியில பதவி உயர்வு. நேத்து வரைக்கும் வரலாறு பாடம் நடத்தினவங்க இன்னைல இருந்து சம்பள பில் போடணும், கருவூலத்துக்கு அலையணும், ஆடிட்டுக்கு பதில் சொல்லணும், எமிஸ்ல டேட்டா ஏத்தணும். கிளார்க் போஸ்ட் காலி. கக்கூஸ் மோட்டார் ரிப்பேர்னாலும் சித்திதான். இதுக்கு நடுவுல பத்தாவதுக்கு சோஷியலும் எடுத்தாங்க. நெட்வொர்க் வராத ஊர்ல மொபைலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அட்டெண்டன்ஸ் ஏத்த மொட்டை மாடிக்கு ஓடினதையெல்லாம் பார்த்திருக்கேன்.

அவங்க ஸ்கூல்ல ஒரு பையன். ராத்திரி தறி ஓட்டிட்டு வந்து காலையில முதல் பீரியட்ல தூங்குவான். "ஒன்பதாவதுலயே கழட்டி விட்டுடுங்க டீச்சர், ரிசல்ட் போயிடும்"னு ஸ்டாஃப் ரூம்லயே சொன்னாங்களாம். சித்தி விடல. அவன் வராத நாள்ல வீட்டுக்கு ஆள் அனுப்பினாங்க, ரெண்டு தடவை தானே போனாங்க. பரீட்சை எழுத வச்சாங்க. 28 பேர் எழுதி 27 பாஸ். அவன் கணக்குல போயிட்டான்.

அந்த ஜூன்ல மாவட்ட மீட்டிங். சென்டம் போன ஸ்கூல் ஹெச்.எம்.களை நிக்கச் சொன்னாங்க. ஐம்பத்தாறு வயசுப் பொம்பளை, இருபது பேரோட எழுந்து நின்னு காரணம் சொல்லணும். அதுக்கப்புறம் விளக்கம் கேட்டு மெமோ வேற. அந்த மெமோவை சித்தி இன்னும் வச்சிருக்காங்க, பீரோவுல, கல்யாணப் பத்திரிகைங்களோட.

பையன் என்ன ஆனான்? துணைத் தேர்வுல பாஸ் பண்ணிட்டான். ஐ.டி.ஐ. சேர்ந்தான். ஆனா அந்த பாஸ் சித்தியோட 96 சதவீதத்துல ஏறாது. மார்ச் கணக்கு முடிஞ்சா முடிஞ்சதுதான்.

அதனால "மேல இருந்து நெருக்கறாங்க"ன்னு சொல்றவங்களுக்கு என் பதில் இதுதான்: நெருக்கறப்ப யார் பக்கம் சாயறாங்கங்கறதுதான் அந்த நாற்காலிக்கு உண்டான தகுதியே. மிச்சத்தையெல்லாம் ஒரு நல்ல கிளார்க்கும் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனும் பார்த்துக்குவாங்க. பையன் ஏன் இன்னைக்கு வரலன்னு தெரிஞ்சிருக்கணும். அவனுக்காக மீட்டிங்ல எழுந்து நிக்கற தெம்பு இருக்கணும். பட்டிமன்றம் மாதிரி பேசத் தெரியணும், இங்கிலீஷ்ல பொளந்து கட்டணும், கோட்டு போடணும்ங்கறதெல்லாம் மெட்ரிக் ஸ்கூல் பிரின்சிபாலுக்கு கரஸ்பாண்டன்ட் வைக்கற தகுதி. அங்க பிரின்சிபாலே பாவம், சம்பளத்துக்கு நிக்கற ரிசப்ஷனிஸ்ட்.

கவர்ன்மென்ட் ஒண்ணுமே பண்ணலன்னு சொல்லல. 2017-ல் மாநில ரேங்க் அறிவிக்கறதை நிறுத்தினாங்க, நல்ல விஷயம். பதினொன்னாவது பாடத்தையே நடத்தாம ரெண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வச்சவங்களைக் கட்டிப் போட 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தாங்க. 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை வந்தப்ப அதை எடுத்துட்டாங்க. பரீட்சையை வைக்கறாங்க, எடுக்கறாங்க. வகுக்கற எண் மேல மட்டும் யாரும் கை வைக்கல. (2020-ல் கொரோனாவால பத்தாவது ஆல் பாஸ். அந்த வருஷம் தமிழ்நாட்டுல எல்லா ஹெச்.எம்.மும் சென்டம். அதுக்கு யாராவது பிளெக்ஸ் வச்சிருந்தா லிங்க் குடுங்கப்பா.)

இத்தனைக்கும் டேட்டா கையிலயே இருக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ்ல ஒரு நம்பர். டிசியும் அதுலதான் போடறாங்க. டிசி போட்டதும் அந்தப் பிள்ளை காமன் பூல்ங்கற இடத்துக்குப் போகும், அடுத்த ஸ்கூல் சேர்த்தா வெளிய வரும். அப்ப ஒரு ஸ்கூல் டிசி குடுத்து அனுப்பினதுல எத்தனை பேர் இன்னொரு ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்தாங்க, எத்தனை பேர் அந்த பூல்லயே முங்கிட்டாங்கன்னு எடுக்க எத்தனை நேரம் ஆகும்? நாலு டேபிளை ஜாயின் பண்ணினா வந்துடும். ஆறாவதுல சேர்ந்தவங்கள்ல எத்தனை பேர் துணைத் தேர்வையும் சேர்த்து பத்தாவது முடிச்சாங்கங்கற ஒரு நம்பரை ரிசல்ட் அன்னைக்கு சென்டம் பக்கத்துலயே போடட்டும். அப்ப தெரியும் யார் யாரை நிக்க வைக்கணும்னு.

போன மாசம் என் பெஞ்ச் மேட் போன் பண்ணினான். இப்ப சொந்தமா நாலு மெஷின் போட்டிருக்கான். பொண்ணை ஒண்ணாவது சேர்க்கணுமாம். "மாப்ள, நீதான படிச்சவன், எந்த ஸ்கூல் நல்லா இருக்கும்?"னான். ஒரு ஸ்கூல் நோட்டீஸை வாட்ஸப்ல அனுப்பியிருந்தான். தலைப்பே 100% ரிசல்ட்தான். "ஒன்பதாவதுல எத்தனை பேர், பத்தாவது எழுதினது எத்தனை பேர்னு ஆபீஸ்ல கேளுடா"ன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "நீ வந்து கேளு மாப்ள, எனக்கு ஹெச்.எம். ரூமுக்குள்ள போனா இன்னும் கை நடுங்குது"ன்னான்.

அடுத்த சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டிருக்கேன்.